கட்டிலுக்கடியில் கிடந்த லூசி

1990 ஏப்ரல் 30 இரவு அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சி ஒரு பழைய நகைச்சுவைப் படச்சுருளை ஒளிபரப்பியது. எடுத்து 39 ஆண்டுகளாகியும் பொதுமக்கள் அதுவரை பார்த்திராத படம். அதில் நடித்த லூசில் போல் இறந்து ஓராண்டும் நான்கு நாட்களும் ஆகியிருந்தன. 1990 என்றால் கல்முனைக் கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு நினைவுகளே வரும். ஆனாலும் இந்த நடிகையின் வாழ்க்கையை இப்போது வாசித்தால், அது நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

லூசில் 1911 ஓகஸ்ட் 6 அன்று நியூயோர்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். தொலைபேசிக் கம்பி இழுக்கும் தொழிலாளியான தகப்பன் நெருப்புக்காய்ச்சலில் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது. தாயின் பெற்றோர் வீட்டில் வளர்ந்தார். 1927இல் அந்த வீட்டு வளவில் பாட்டனாரின் பொறுப்பில் பிள்ளைகள் துவக்குச் சுடப் பழகிக்கொண்டிருந்தபோது, அயல்வீட்டுச் சிறுவன் மீது குண்டு பட்டு அவன் உடல் செயலிழந்தது. வழக்கில் வீடு போயிற்று. அவர் சேர்ந்த நாடகப் பள்ளி, கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, இவருக்கு நடிப்பு வராது என்று திருப்பி அனுப்பியது. 1933இல் ஹொலிவூட் போனார். பல வருடங்கள் சிறு வேடங்களும் இரண்டாந்தரப் படங்களும்தான்.

1940இல் அவர் மணந்த டெசி ஆர்னாஸ் ஓர் அகதி. கியூபாவின் சந்தியாகோ நகர மேயரின் மகன். 1933 புரட்சியில் வீடு சூறையாடப்பட்டது, சொத்துப் பறிக்கப்பட்டது, தகப்பன் சிறைக்குப் போனார். மியாமிக்கு வந்து சேர்ந்த மேயர் வீட்டுப் பிள்ளை, குருவிக்கூடு கழுவிச் சம்பாதித்தார். பிறகு பாட்டும் மேளமும் கைகொடுத்தன.

லூசியின் வானொலி நாடகத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சீ.பீ.எஸ். விரும்பியபோது, கணவனாகத் தன் கணவனே நடிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். தடித்த உச்சரிப்புள்ள கியூபாக்காரனை ஓர் அமெரிக்கப் பெண்ணின் புருஷனாக மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனம் தயங்கியது. ஏற்பார்கள் என்று காட்ட, 1950இல் இருவரும் ஊர் ஊராக மேடையேறினார்கள். அந்த மேடைக்குப் பகிடி பழக்கிக் கொடுத்தவர் பெப்பிட்டோ என்ற ஸ்பானியக் கோமாளி.

1951 மார்ச் 2 அன்று ஒரு மாதிரி நிகழ்ச்சியைப் படமெடுத்தார்கள். லூசி அப்போது கர்ப்பிணி. தொளதொள உடையில் வயிற்றை மறைத்துக்கொண்டு நடித்தார். விளம்பரதாரருக்குக் காட்ட மட்டும் எடுத்த படம் அது. பெப்பிட்டோவும் அதில் வருகிறார். காரியம் முடிந்தது, ஒப்பந்தம் கிடைத்தது, படத்தை எல்லோரும் மறந்தார்கள். நன்றிக்காக டெசி அதன் பிரதியொன்றைப் பெப்பிட்டோவிடம் கொடுத்திருந்தார்.

ஒக்டோபர் 15 அன்று 'ஐ லவ் லூசி' தொடங்கியது. அக்காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகப் போய்க் காற்றோடு கரைந்துவிடும். மிஞ்சுவது, தொலைக்காட்சித் திரையையே கமராவால் எடுத்த மங்கலான நகல். டெசியோ மூன்று கமராக்களை வைத்து, பார்வையாளர் முன்னிலையில், சினிமாவைப் போல 35 மி.மீ. பிலிமில் எடுத்தார். கூடுதல் செலவுக்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, பதிலுக்குப் படங்களின் உரிமையைத் தம்பதி தம் பெயருக்கு எழுதி வாங்கினார்கள். மறு ஒளிபரப்பு என்பதை யாரும் பெரிதாக எண்ணாத காலம் அது. எல்லாம் பறிபோன வீட்டுப் பிள்ளை என்பதால்தான் அந்த யோசனை வந்தது என்று எனக்குப் படுகிறது.

1953 ஜனவரி 19 அன்று லூசிக்குப் பிள்ளை பிறக்கும் கதையை ஏறக்குறைய 4 கோடியே 40 இலட்சம் பேர் பார்த்தார்கள். 1960இல் விவாகரத்து. 1962இல் டெசியின் பங்குகளையும் வாங்கி, பெரிய ஹொலிவூட் கலையகம் ஒன்றை நடத்திய முதல் பெண்ணானார். 'ஸ்டார் ட்ரெக்' வந்தது அந்தக் கலையகத்திலிருந்துதான். டெசி 1986இலும் லூசி 1989 ஏப்ரல் 26இலும் இறந்தார்கள்.

முதற்படம் தொலைந்துபோனதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது பெப்பிட்டோவின் விதவை மனைவியின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. போட்டுப் பார்த்தால், பின்னாளில் உலகமே அறிந்த அயல்வீட்டுக்காரர் பிரெட்டும் எத்தலும் அதில் இல்லை. கோமாளிக்குக் காயம்பட, அவனுடைய இடத்தில் லூசி வந்து நிற்கும் காட்சி மட்டும் அப்படியே இருந்தது.

நம்மிடமும் வாராவாரம் சிரிக்க வைத்த வானொலி இருந்தது. 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரில் எஸ். ராம்தாஸ் மரிக்காராகப் பேசிய முஸ்லிம் தமிழைக் கல்முனையில் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. ஆனால் கட்டிலுக்குக் கீழே ஒரு பொருள் 39 ஆண்டுகள் கிடக்க வேண்டுமானால், அந்தக் கட்டிலும் வீடும் அங்கேயே இருக்க வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் கசற்றைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மிஞ்சியவற்றை 2004 டிசம்பர் 26இல் கடல் றங்குப்பெட்டியோடு கொண்டுபோனது.

அப்படியும் சில வீடுகளில் பழைய ஒலிநாடாக்களும் வீடியோ கசற்றுகளும் கிடக்கும். பூஞ்சணம் பிடித்ததை அவசரப்பட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, உள்ளே இருப்பது என்ன, எந்த ஆண்டு, யாருடைய குரல் என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். நூலக நிறுவனம் இப்போது புத்தகங்களோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது.