கணித மேதை கால்வா

ஒரு கணக்கிற்கு விடை காண முயல்வோர் பலர். அக்கணக்கிற்கு நாம் அறிந்த வழியில் விடை காண இயலுமா என்று முதலில் ஆராய்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் எவரிஸ்ட் கால்வா. இருபது ஆண்டுகளே வாழ்ந்த அவர், குலக் கோட்பாடு என்னும் கணிதப் பிரிவிற்கு வித்திட்டார்.

கால்வா 1811ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், பிரான்சு நாட்டின் பாரிசு நகருக்கு அருகிலுள்ள பூர்-லா-ரேன் என்னும் ஊரில் பிறந்தார். பன்னிரண்டு வயது வரை தாயே அவருக்கு ஆசிரியராக விளங்கினார். பின்னர்ப் பாரிசிலுள்ள பள்ளியில் சேர்ந்தார். அங்கு லெழாந்தர் இயற்றிய வடிவியல் நூலைப் படித்தது முதல், கணிதத்தில் பெரும் பற்றுக் கொண்டார்.

அக்காலத்தில் கணித அறிஞர்களை ஒரு வினா வாட்டியது. இருபடிச் சமன்பாட்டிற்குத் தீர்வு காணச் சூத்திரம் உண்டு. முப்படி, நாற்படிச் சமன்பாடுகளுக்கான சூத்திரங்களை இத்தாலிய அறிஞர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தனர். ஆனால், ஐம்படிச் சமன்பாடுகள் அனைத்திற்கும் பொருந்தும் அத்தகைய சூத்திரம் அமையாது என்று நார்வே நாட்டு அறிஞர் ஆபெல் 1824ஆம் ஆண்டு நிறுவினார். எனினும், அவற்றுள் சிலவற்றிற்குத் தீர்வு காண முடிந்தது. எவற்றிற்கு முடியும், எவற்றிற்கு முடியாது என்று பிரித்தறிவது எவ்வாறு? இவ்வினாவிற்கே கால்வா விடை தேடினார்.

அவர் கண்ட வழியை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். சதுர அட்டை ஒன்றைச் சுழற்றியும் புரட்டியும் அதே இடத்தில் பொருந்துமாறு எட்டு வகைகளில் வைக்கலாம். அவற்றுள் ஒன்றைச் செய்தபின் மற்றொன்றைச் செய்தாலும், கிடைப்பது அவ்வெட்டில் ஒன்றாகவே இருக்கும். இவ்வாறு தமக்குள் இணைந்து நிற்கும் மாற்றங்களின் தொகுதி குலம் எனப்படும். சமன்பாட்டின் தீர்வுகளையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை மாற்றி வைக்கலாம். அம்மாற்றங்களின் குலத்தை ஆராய்ந்தால் சமன்பாட்டின் இயல்பு புலப்படும் என்று கால்வா கண்டார்.

அவருடைய உழைப்பு எளிதில் உலகை எட்டவில்லை. புகழ்பெற்ற பொறியியல் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். 1829ஆம் ஆண்டு தந்தையை இழந்தார். 1830ஆம் ஆண்டு அறிவியல் கழகத்திற்கு அனுப்பிய கட்டுரை, அதனைப் பெற்ற ஃபூரியே மறைந்ததால் காணாமற்போனது. மறுபடி எழுதி அனுப்பிய கட்டுரை போதிய தெளிவின்றி இருப்பதாகக் கூறிப் புவாசோன் அதனை ஏற்கவில்லை. மன்னராட்சியை எதிர்த்ததால் கால்வா சிறைக்கும் சென்றார். அங்கும் கணிதத்தைக் கைவிடவில்லை.

1832ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிப் போட்டியில் படுகாயமுற்று, மறுநாள் உயிர் நீத்தார். போட்டிக்கு முந்திய நாள், தம் கண்டுபிடிப்புகளைத் தொகுத்து நண்பர் செவாலியேவிற்கு நீண்ட மடல் எழுதியிருந்தார். அந்நண்பரும் கால்வாவின் தம்பியும் அவருடைய ஏடுகளைப் பேணிக் காத்தனர். அவற்றின் அருமையை உணர்ந்த லியூவில் என்னும் அறிஞர், 1846ஆம் ஆண்டு தம் இதழில் வெளியிட்டார். இறந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே கால்வாவின் குரலை உலகம் கேட்டது.

கால்வாவின் முறைப்படி ஒரு சமன்பாட்டின் குலத்தைக் கையால் கணிப்பது நெடும்பணி. இன்று கணினி நெறிமுறைகள் அதனை விரைந்து செய்கின்றன. கடைகளில் நாம் காணும் கியூஆர் குறியீடு சற்று அழுக்கடைந்தாலும், கைப்பேசி அதனைப் பிழையின்றிப் படிக்கிறது. அப்பிழைத் திருத்தத்திற்கு அடிப்படையாக உள்ள எண் அமைப்பு, இன்றும் கால்வா களம் என்றே வழங்குகிறது.

சொற்பொருள்
வித்திட்டார் – தொடங்கி வைத்தார்
நிறுவினார் – மெய்ப்பித்தார்
புலப்படும் – தெரியவரும்
மடல் – கடிதம்

வினாக்கள்
1. கால்வா விடை தேடிய வினா யாது?
2. குலம் என்பதைச் சதுர அட்டையைக் கொண்டு விளக்குக.
3. கால்வாவின் ஏடுகள் காக்கப்படாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.