உங்கள் வாட்ச் வரையும் கோடு: செமாராங்கில் பிறந்த ஐன்தோவனின் கதை

கையில ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருக்கீங்களா? அதில் இசிஜி வசதி இருந்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வாட்ச் ஒரு மணிக்கட்டில், மற்றக் கையின் விரல் வாட்ச்மேல். அரை நிமிடம் ஆடாமல் உட்கார்ந்தால் போதும். திரையில் ஒரு கோடு ஓடும். சின்ன மேடு, கூரான சிகரம், பிறகு இன்னொரு மேடு. மறுபடியும் அதே.

தேசிய சேவைக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்குப் போனவர்களுக்கும் அந்தக் கோடு பழக்கம்தான். படுக்கச் சொல்லி, நெஞ்சிலும் கைகால்களிலும் பத்து இடங்களில் ஒட்டுவார்கள். சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும்.

அந்தக் கோட்டைத் துல்லியமாக வரைய வழிகாட்டியவர் வில்லெம் ஐன்தோவன். நெதர்லந்து விஞ்ஞானி என்றுதான் புத்தகங்களில் இருக்கும். ஆனால் அவர் பிறந்தது நமக்குப் பக்கத்தில், ஜாவா தீவில்.

செமாராங் டாக்டரின் மகன்

ஜாவாவின் வடக்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம் செமாராங். அப்போது அது டச்சு ஆட்சியில் இருந்தது. அங்கே 1860ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி பிறந்தார் ஐன்தோவன். அப்பா ஜேக்கப் அந்த ஊரில் டாக்டர். வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர் மூன்றாவது.

ஐன்தோவன் சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். 1870இல் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அம்மா நெதர்லந்துக்குக் கப்பல் ஏறினார். குடும்பம் உட்ரெக்ட் நகரில் தங்கியது. ஐன்தோவனுக்கு அப்போது பத்து வயது.

1878இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அப்பாவைப் போல டாக்டராக வேண்டும் என்பதுதான் எண்ணம். படிப்போடு விளையாட்டிலும் பயங்கர ஆர்வம். உடற்பயிற்சி, வாள்வீச்சு, படகோட்டம் என்று எதையும் விடவில்லை. ஒருமுறை விளையாடும்போது மணிக்கட்டு உடைந்தது. சும்மா இருக்கவில்லை மனிதர். கை எப்படித் திரும்புகிறது, முழங்கை மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். அவருடைய முதல் ஆய்வு அதுதான்.

1885இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், 25 வயதில், லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். கடைசிவரை அங்கேயே இருந்தார்.

நாடி பிடித்துப் பார்த்தால் போதாதா?

அந்தக் காலத்து டாக்டர் ஒருவரிடம், நெஞ்சு படபடக்கிறது என்று நீங்கள் போயிருந்தால் என்ன செய்திருப்பார்? மணிக்கட்டில் விரல் வைப்பார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பார். துடிப்பு வேகமா, மெதுவா, சீராக இருக்கிறதா என்பது தெரியும். அவ்வளவுதான்.

துடிப்பு தாறுமாறாக இருந்தால் காரணம் என்ன? இதயத்தின் மேலறையிலா, கீழறையிலா, நடுவில் இருக்கும் பாதையிலா? விரலுக்கு அது தெரியாது. ஒரு துடிப்பு தப்புவது சில நேரம் ஒன்றுமில்லாத விஷயம். சில நேரம் உயிருக்கே ஆபத்து. இரண்டும் விரலுக்கு ஒரே மாதிரிதான் படும்.

இதயம் சுருங்குவதற்கு முன்னால் அதில் ஒரு மெல்லிய மின்சாரம் பாயும். அந்த மின்சாரத்தைப் படித்தால் கோளாறு எங்கே என்று தெரியும். ஆனால் தோலுக்கு வெளியே வந்து சேர்வது சுமார் ஒரு மில்லிவோல்ட்தான். டார்ச் லைட்டில் போடும் சின்ன பேட்டரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 1,500 மடங்கு குறைவு. அதை எப்படிப் பிடிப்பது?

பாதரசமும் ஜிம்மியும்

முதலில் பிடித்தவர் ஐன்தோவன் அல்ல. லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த அகஸ்டஸ் வாலர். நெஞ்சைத் திறக்காமலேயே மனித இதயத்தின் மின்சாரத்தை 1887இல் அவர் பதிவுசெய்து காட்டினார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசம். மின்சாரம் பட்டால் பாதரசம் ஏறி இறங்கும். அந்த அசைவைப் படம் பிடிப்பார்.

வாலருக்கு ஜிம்மி என்று ஒரு புல்டாக் நாய். அதன் கால்களை உப்புத் தண்ணீர் ஜாடிகளில் நிற்கவைத்து அதன் இதயத் துடிப்பையும் காட்டுவார். 1909இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜிம்மி அப்படி நின்றது. நாயைக் கொடுமைப்படுத்துகிறார்களா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்கு விஷயம் போனது.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1889இல், சுவிட்சர்லந்தின் பாசெல் நகரில் உடலியல் அறிஞர்களின் மாநாடு நடந்தது. வாலர் தம் முறையைச் செய்து காட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஐன்தோவனும் ஒருவர்.

பாதரசத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அது மந்தமானது. இதயத்தின் மின்சாரம் ஏறி இறங்கும் வேகத்துக்கு அதால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் வரும் கோடு உண்மையான கோடு அல்ல, மழுங்கிய கோடு. மருத்துவமனையில் இது பெரிதாகப் பயன்படும் என்று அப்போது வாலரே நினைக்கவில்லை. ஐன்தோவனால் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

தெரு அதிர்ந்தால் கோடும் அதிரும்

லைடனில் அவருக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கல் பதித்த தெரு. குதிரை வண்டி போனால் கட்டடம் அதிரும், பாதரசமும் அதிரும். தரையைத் தோண்டிக் கற்களை நிரப்பி அதிர்வைக் குறைக்கப் பார்த்தார், அதுவும் சரிப்படவில்லை என்று சொல்வதுண்டு.

பிறகு கணக்கில் இறங்கினார். பாதரசம் எவ்வளவு பின்தங்குகிறது என்று கணித்து, மழுங்கிய கோட்டிலிருந்து உண்மையான கோட்டை வரைந்தார். பாதரசம் காட்டிய அலைகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர். கணக்குப் போட்டுத் திருத்திய அலைகளுக்குப் புதிதாக பி, கியூ, ஆர், எஸ், டி என்று ஆங்கில எழுத்து வரிசையின் பின்பகுதியிலிருந்து பெயர் எடுத்தார். 1895இல் அவர் வைத்த அந்த ஐந்து எழுத்துகளைத்தான் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அதன் அர்த்தம் சுலபம். முதல் சின்ன மேடு, மேலறைகளுக்கு மின்சாரம் போகும் நேரம். நடுவில் உள்ள கூரான சிகரம், கீழறைகள் வேலைக்குக் கிளம்பும் நேரம். கடைசி மேடு, கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம்.

ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படி உட்கார்ந்து கணக்குப் போட முடியுமா? முடியாது. கணக்கே தேவைப்படாத ஒரு கருவி வேண்டும்.

முடியைவிட மெல்லிய இழை

அந்தக் கருவியின் பெயர் இழை கால்வனாமீட்டர். 1901இல் அதைப் பற்றி முதல் கட்டுரை எழுதினார். குவார்ட்ஸை உருக்கி மிக மெல்லிய இழையாக இழுத்து, அதன்மேல் வெள்ளி பூசினார். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஆயிரத்தில் மூன்று பங்கு. நம் தலைமுடி அதைவிட இருபது மடங்குக்குமேல் தடிமன்.

அந்த இழையை ஒரு பலமான மின்காந்தத்தின் நடுவில் கட்டினார். இதயத்தின் மின்சாரம் இழை வழியாகப் போனால் இழை இலேசாக விலகும். அதன் நிழலைப் பெரிதாக்கி, நகரும் படத்தட்டில் விழவைத்தார். குதிரை வண்டிக்கு இனி கவலை இல்லை. கணக்கும் வேண்டாம். இழை எவ்வளவு லேசோ அவ்வளவு விரைவாக அசைந்தது. பாதரசத்தை வைத்து அவர் கணக்கில் கண்ட கோடு இப்போது கண்முன்னே நேராக வந்தது. இரண்டும் ஒத்துப்போயின.

இழை லேசு. கருவி லேசு இல்லை. எடை சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் வேண்டும். மின்காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

ஒரு விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓட்டம், ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் என்று அவர் வைத்த அளவு இன்றும் மாறவில்லை. மருத்துவமனையில் வாங்கும் இசிஜி தாளின் ஓரத்தைப் பாருங்கள், அதே அளவு இருக்கும்.

ஒன்றரை கிலோமீட்டர் கம்பி

270 கிலோ கருவியை வார்டுக்குத் தூக்கிப்போக முடியாது. நோயாளிகளும் ஆய்வுக்கூடத்துக்கு வர முடியாது. என்ன செய்தார்? ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த மருத்துவமனைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பியைப் பயன்படுத்தினார். நோயாளி அங்கே, கோடு இங்கே.

1905ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி முதல் பதிவு. அன்று உட்கார்ந்தவர் நல்ல ஆரோக்கியமான ஆள். அவருடைய கோட்டில் சிகரங்கள் உயரமாக இருந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு சைக்கிள் மிதித்து வந்ததுதான் காரணம் என்று எழுதிவைத்தார்கள். டெலிமெடிசின் என்று இன்று நாம் சொல்வதன் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று.

தாறுமாறுக்கும் பெயர் கிடைத்தது

1906இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இதயத் துடிப்புக் கோளாறுகளின் முதல் படத் தொகுப்பு மாதிரி. விரலுக்கு ஒரே மாதிரிப் பட்டவை கோட்டில் தனித்தனியாகத் தெரிந்தன.

- மேலறை நடுக்கம்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். முதல் மேடு காணாமல் போயிருக்கும். சிகரங்கள் கண்டபடி வரும்.
- முந்திக்கொள்ளும் துடிப்பு: கீழறை தன்னிச்சையாகத் துடிக்கும். அகலமான, வேறு வடிவச் சிகரம் நடுவில் நுழையும்.
- ஹார்ட் பிளாக்: மேடு வரும், சிகரம் வராது. பேச்சு வழக்கில் அடைப்பு என்று நாம் சொல்லும் ரத்தக் குழாய்ப் பிரச்சினை இல்லை இது. மின்சாரம் போகும் பாதையில் தடை.

இந்தக் கருவியை நோயாளிகளின் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முக்கியமானவர் லண்டன் டாக்டர் தாமஸ் லூயிஸ். ரொம்ப நாளாக டாக்டர்களைக் குழப்பிய தாறுமாறான நாடிக்கு மேலறை நடுக்கம்தான் காரணம் என்று 1909இல் காட்டினார். கேம்பிரிட்ஜில் சார்ல்ஸ் டார்வினின் மகன் ஹொரஸ் டார்வின் நடத்திய நிறுவனம் இழைக் கருவியைச் செய்து விற்கத் தொடங்கியது. கருவி மெல்ல மெல்லச் சிறிதானது.

பரிசு யாருக்கு?

1924இல் ஐன்தோவனுக்கு மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் அமெரிக்காவில் உரையாற்றப் போயிருந்தார். வாலர் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1922இல், இறந்துவிட்டார். 1925இல் ஸ்டாக்ஹோமில் நோபெல் உரை ஆற்றியபோது ஐன்தோவன் பெருமையைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. இந்தத் துறை இவ்வளவு வளர்ந்ததில் லூயிசின் பங்கு பெரிது என்று சொன்னார்.

இன்னொரு கதையும் உண்டு. இழைக் கருவியைக் கட்டுவதில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஆய்வுக்கூட உதவியாளர் வான் டெர் வூர்ட். பரிசு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து, பரிசுப் பணத்தில் பாதியை ஐன்தோவன் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது.

1927 செப்டம்பர் 29ஆம் தேதி, 67 வயதில், புற்றுநோயால் லைடனில் காலமானார். ஜாவாவோடு குடும்பத்தின் உறவு அத்துடன் முடியவில்லை. அவரோடு சேர்ந்து இழைக் கருவியை மேம்படுத்திய மகன் வில்லெம், மின் பொறியாளர். பாண்டுங் நகர வானொலி ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் முகாமில் உயிரிழந்தார்.

இன்றைக்கு அந்தக் கோடு எதற்கு?

1958இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் உடலுக்குள் முதன்முதலாக பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. துடிப்பு குறைந்தால் தூண்டிவிடும் கருவி அது. இன்று பலரின் உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் உடலுக்குள் வைக்கும் எதிலும் கிருமி தொற்றலாம். கருவியிலும் கம்பியிலும் கிருமிகள் படலமாகப் படிந்துவிட்டால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. கருவி, கம்பி எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டிவரும். அதனால் யாருக்குக் கருவி உண்மையிலேயே தேவை என்பதை டாக்டர்கள் முதலில் உறுதிப்படுத்த வேண்டும். அந்த உறுதி தொடங்கும் இடம் இந்தக் கோடுதான். இதை எடுக்க உடலில் ஒரு கீறல்கூட வேண்டாம்.

உங்கள் வாட்ச் இரண்டு கைகளுக்கு இடையே எடுப்பதும் ஐன்தோவன் எடுத்த அதே முதல் அளவுதான். இரண்டு அறைகளை அடைத்த கருவி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. வாட்ச் மேலறை நடுக்கத்தைக் கண்டுபிடிக்க உதவலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 995ஐ அழையுங்கள்.

மழுங்கிய கோடு போதும் என்று ஐன்தோவன் விட்டிருந்தால், டாக்டர்கள் இன்னும் பல காலம் விரலை மட்டும் நம்பியிருப்பார்கள். அடுத்த முறை இசிஜி எடுக்கும்போது ஆடாமல் படுங்கள் என்று சொன்னால் ஆடாமல் படுத்திருங்கள். அந்த அதிர்வைப் போக்கத்தான் செமாராங்கில் பிறந்த ஒருவர் பல ஆண்டுகள் பாடுபட்டார்.