மறைகுறிகளை உடைத்த மேதை அலன் ரியூரிங் (1912 – 1954)

தலைமன்னார் முதல் முருங்கன் வரை எந்த வீட்டில் விசாரித்தாலும் கடதாசி ஒன்று தொலைந்த கதை இருக்கும். இடம்பெயர்வுகளின்போது பிறப்புச் சான்றிதழை நனையவிட்டவர்களும், காணி உறுதியைப் பெட்டியோடு இழந்தவர்களும், கல்யாணப் படம் ஒன்றுகூட மிஞ்சாதவர்களும் நம்மிடையே உள்ளனர். அந்த அனுபவத்தினால்தானோ என்னவோ, இன்று பலர் இத்தகைய ஆவணங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து இணையத்திலே சேமித்து வைக்கின்றனர். நமது பாடநூல் இதனை முகிற் கணிமை என்கிறது. முகில் என்பது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், யாரோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் அடுக்கப்பட்டிருக்கும் சேவையகக் கணினிகளே அவை. அப்படியானால் உங்கள் அம்மாவின் காணி உறுதியை அங்கே யார் யார் பார்க்கலாம்? பார்க்க முடியாதபடி தடுப்பது எது? தடுப்பது மறைகுறியாக்கம் ஆகும். அதனை உடைப்பதிலும் உருவாக்குவதிலும் ஈடுபட்டதோடு, முகிலில் உள்ள அத்தனை கணினிகளுக்கும் அடிப்படையான எண்ணத்தையும் தந்த ஒருவரின் வாழ்க்கையே இங்கு தரப்படுகிறது.

அலன் மதிசன் ரியூரிங் 1912 ஜூன் 23 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தை ஜூலியஸ் ரியூரிங் இந்திய சிவில் சேவை உத்தியோகத்தர்; அன்றைய சென்னை மாகாணத்தில் கடமையாற்றியவர். தாயார் எதெல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாயாரின் தந்தை எட்வேட் ஸ்ரோனி சென்னை இரயில்வேயில் பிரதம பொறியியலாளராக இருந்தவர். ஆகவே இவரது குடும்பக் கதையின் பாதி நமக்கு எதிரே, பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள தமிழ் மண்ணிலே நிகழ்ந்தது எனலாம். ஆனால் இந்தியாவின் வெப்பம் பிள்ளைகளுக்கு ஒவ்வாது என்று கருதிய பெற்றோர், அலனையும் அவரது அண்ணன் ஜோனையும் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் பராமரிப்பில் விட்டுச் சென்றனர். தாய் தந்தையர் கடலுக்கு அப்பால் இருக்க, வேறு வீட்டில் வளர்வது எப்படியிருக்கும் என்பதை உங்களில் சிலர் அறிவீர்கள்.

1926 இல் இவர் ஷேர்போர்ன் பாடசாலையில் சேர வேண்டிய நாளில் நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம், புகையிரதம் ஓடவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழியில் ஓர் இரவு தங்கி, ஏறத்தாழ 97 கிலோமீற்றர் ஓட்டிப் பாடசாலையை அடைந்தான். மன்னார் பாலத்திலிருந்து மதவாச்சியையும் தாண்டிச் செல்லும் தூரம் அது. கணிதத்தில் இவ்வளவு ஆர்வமாக இருந்தும் ஆசிரியர்கள் எல்லோரும் இவரை மெச்சவில்லை. கையெழுத்து மோசம், இலக்கியப் பாடங்களில் அக்கறையில்லை என்பதே குறை. இவரைப் புரிந்துகொண்ட நண்பன் கிறிஸ்ரோபர் மோர்கம், 1930 பெப்ரவரியில் காசநோயால் இறந்தான். அந்த இழப்பிலிருந்து மனித மனம் என்பது என்ன, அது உடலோடு முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி இவரைப் பற்றிக்கொண்டது.

1931 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த ரியூரிங், 1935 இல் இருபத்திரண்டு வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவானார். அடுத்த ஆண்டு, 1936 இல், கணிக்கக்கூடிய எண்கள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அதில் அவர் ஓர் எளிய பொறியைக் கற்பனை செய்தார். நீண்ட நாடா ஒன்று, அதில் கட்டங்கள், ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை வாசித்து, அழித்து, எழுதி, இடமோ வலமோ நகரும் ஒரு தலை. அவ்வளவே. செய்ய வேண்டிய கட்டளைகளையும் நாடாவிலே எழுதிவிட்டால், ஒரே பொறி எந்தக் கணிப்பையும் செய்யும் என்று காட்டினார். முகிலில் உள்ள சேவையகம் காலையில் ஒருவரின் படத்தைச் சேமிப்பதும், மாலையில் இன்னொருவரின் கணக்கைப் பார்ப்பதும் இந்த எண்ணத்தின் விளைவே. பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 1938 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கிருந்தபோதே பெரிய எண்களைப் பெருக்கி இரகசியச் செய்தி ஆக்கும் சிறிய மின்கருவி ஒன்றையும் செய்யத் தொடங்கியிருந்தார்.

இனி மறைகுறி என்றால் என்ன என்பதை ஒரு சிறு உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற வரிசையில் ஒவ்வோர் எழுத்தையும் அடுத்த எழுத்தாக மாற்றுங்கள். கடைசி எழுத்து முதலுக்குத் திரும்பட்டும். உயிர்க்குறிகளும் புள்ளியும் அப்படியே இருக்கட்டும். மன்னார் என்பது யக்கால் ஆகிவிடும். இங்கு செய்முறை நகர்த்துதல். திறப்பு ஒன்று என்ற எண். உரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் இம்முறையைப் பயன்படுத்தினார். ஆனால் பதினேழு திறப்புகளே உள்ளதால் பதினேழு முறை முயன்றால் உடைந்துவிடும். அத்தோடு மன்னாரில் அடுத்தடுத்து வரும் இரண்டு னகரங்களும் யக்காலில் இரண்டு ககரங்களாகவே நிற்பதைக் கவனியுங்கள். எழுத்து மாறினாலும் சொல்லின் உருவம் மாறவில்லை.

ஜேர்மனியரின் எனிக்மா இயந்திரம் இந்தக் குறையைப் போக்கியது. பார்வைக்குத் தட்டச்சுப் பொறி போன்றது. உள்ளே கம்பிகள் இணைக்கப்பட்ட சில்லுகள் இருந்தன. ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் சில்லு நகர்வதால் மாற்றும் முறையே மாறிவிடும்; ஒரே எழுத்தை இரு தடவை அழுத்தினால் பெரும்பாலும் இரு வேறு எழுத்துகள் வரும். சில்லுகளைத் தெரிவது, அவற்றை நிறுத்துவது, முன்பக்கத்தில் வயர்களைச் செருகுவது ஆகியன சேர்ந்ததே அன்றைய நாளின் திறப்பு. ஐந்தில் மூன்று சில்லுகளும் பத்து வயர்களும் கொண்ட இயந்திரத்தில் சாத்தியமான திறப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 159 என எழுதி அதன்பின் 18 பூச்சியங்கள். ஒவ்வொன்றாக முயல்வது மனிதரால் ஆகாத காரியம். திறப்போ ஒவ்வொரு நாளும் மாறியது.

எனிக்மாவை முதலில் உடைத்தவர் ரியூரிங் அல்லர். மாணவர்கள் பலர் இதில் தவறு விடுகின்றனர். 1932 இலேயே போலந்து நாட்டின் மரியன் ரெயெவ்ஸ்கியும் அவரது தோழர்கள் இருவரும் அதனைச் சாதித்திருந்தனர். யுத்தம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1939 ஜூலையில், தாம் அறிந்ததை அவர்கள் பிரித்தானியருக்கும் பிரான்சியருக்கும் கொடுத்துவிட்டனர். செப்ரெம்பர் 4 ஆம் திகதி, பிரித்தானியா யுத்தப் பிரகடனம் செய்த மறுநாள், ரியூரிங் பிளெச்லி பார்க் என்ற இரகசிய நிலையத்தில் கடமையேற்றார்.

அங்கு அவர் கண்ட வழி இதுதான். எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. ஜேர்மனியரோ வானிலை அறிக்கை போன்ற செய்திகளை ஒவ்வொரு நாளும் ஒரே பாணியில் அனுப்பி வந்தனர். ஆகவே செய்தியில் இருக்கக்கூடிய ஒரு சொல்லை ஊகித்து மறைகுறிக்குக் கீழே வைத்துப் பார்க்கலாம். எங்காவது ஒரே எழுத்து மேலும் கீழும் ஒன்றானால் அந்த இடம் பிழை. பொருந்தும் இடம் கிடைத்ததும், இப்படி ஒரு திறப்பு இருந்தால் என்ன நடக்கும் என்று இயந்திரத்தைக் கொண்டு சோதிக்கலாம். முரண்பாடு வந்தால் அந்தத் திறப்பைக் கழித்துவிடலாம். சரியானதைத் தேடாமல் பிழையானவற்றை விரைவாகக் கழிப்பதே உத்தி. இதற்காக ரியூரிங் வடிவமைத்த பொம்ப் என்ற இயந்திரம் 1940 இல் இயங்கத் தொடங்கியது. கோர்டன் வெல்ச்மன் அதனை மேலும் திறமையாக்கினார். கொலோசஸ் என்ற மின்னணு இயந்திரத்தை இதனோடு குழப்ப வேண்டாம். அது லோறன்ஸ் என்ற வேறு மறைகுறிக்காக ரொமி பிளவர்ஸ் அமைத்தது.

கடற்படையின் எனிக்மா இன்னும் கடினமானது. அதனை எடுத்துக்கொண்டவர் ரியூரிங்தான். வேறு எவரும் அதில் கைவைக்காததால் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம் என அவர் நினைத்தாராம். அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் உணவும் எண்ணெயும் ஏற்றிவந்த கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. 1941 நடுப்பகுதியில் செய்திகள் வாசிக்கப்பட்டன, கப்பல்கள் வழிமாற்றப்பட்டன. 1942 பெப்ரவரியில் நீர்மூழ்கிகளுக்கு நான்காவது சில்லு சேர்க்கப்பட, மீண்டும் இருள். அந்த இருளை நீக்கியது கணிதம் மட்டுமல்ல. 1942 ஒக்ரோபர் 30 ஆம் திகதி எகிப்தை அண்டிய கடலில் யூ-559 என்ற நீர்மூழ்கி தாக்கப்பட்டு மூழ்கிக்கொண்டிருந்தது. அன்ரனி பாசன், கொலின் கிரேசியர் என்ற இரு மாலுமிகள் அதனுள் இறங்கிக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்து மேலே கொடுத்தனர். வாங்கியவன் ரொமி பிரவுன், கப்பலின் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்த பதினாறு வயதுப் பையன். பிரவுன் தப்பினான், மற்ற இருவரும் கப்பலோடு தாழ்ந்துபோயினர். கடலில் பிழைக்கும் ஊரில் பிறந்த நமக்கு அந்தக் கணத்தை விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு டிசம்பரில் செய்திகள் மீண்டும் வாசிக்கப்பட்டன. (இலங்கைக்கும் இதில் பங்குண்டு. யப்பானியரின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்ட பிரித்தானிய நிலையம் ஒன்று கொழும்பில் இயங்கியது.) ரியூரிங் யுத்தத்தை இத்தனை ஆண்டு குறைத்தார் எனச் சில நூல்களில் கணக்கு இருக்கும். அது மதிப்பீடு மட்டுமே; விடைத்தாளில் முடிந்த உண்மையாக எழுத வேண்டாம்.

யுத்தத்தின் பிற்பகுதியில் பேச்சையே மறைகுறியாக்கும் டிலைலா என்ற கருவியையும் ஆக்கினார். யுத்தம் முடிந்ததும் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் கணினி ஒன்றை வடிவமைத்து, 1948 முதல் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். இயந்திரம் சிந்திக்குமா என்ற கட்டுரை வெளிவந்தது 1950 இல். றோயல் சங்கத்தின் உறுப்பினரானது 1951 இல். நீண்ட தூர ஓட்டத்திலும் வல்லவர். 1947 இல் மரதன் தூரத்தை 2 மணி 46 நிமிடங்களில் ஓடியவர்.

முடிவு துயரமானது. ஓர் ஆணுடன் உறவு வைத்திருந்தமைக்காக, அக்காலச் சட்டப்படி 1952 இல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஓமோன் மருந்து ஏற்றப்பட்டது. இரகசியப் பணிக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. நாட்டுக்கு அவர் செய்ததை நீதிமன்றத்தில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் அது இன்னும் இரகசியம். 1954 ஜூன் 7 ஆம் திகதி சயனைட் நஞ்சினால் இறந்தார். வயது 41. தற்கொலை என விசாரணை முடிந்தது. விபத்தாகவும் இருக்கலாம் என்போர் உளர். அருகில் கிடந்த பாதி கடித்த அப்பிளுக்கும் இன்றைய கணினி நிறுவனத்தின் சின்னத்துக்கும் தொடர்பு உண்டென்ற கதைக்கு ஆதாரமில்லை. பிளெச்லி பார்க்கின் வேலை 1970 களில்தான் உலகுக்குத் தெரியவந்தது. 2009 இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021 இல் அவரது உருவம் 50 பவுண் தாளில் இடம்பெற்றது.

இப்போது காணி உறுதிக்கு வருவோம். இன்று முகிலில் தரவுகளைப் பூட்டுவதற்குப் பெரிதும் பயன்படுவது 2001 இல் அமெரிக்கா நியமமாக ஏற்ற ஏ.ஈ.எஸ். என்ற முறை. அதன் செய்முறை எவரும் வாசிக்கக்கூடியது. இரகசியம் திறப்பில் மட்டுமே உள்ளது. 256 பிட் திறப்பின் முன் எனிக்மாவின் எண்ணிக்கை கடற்கரையில் ஒரு மணல். எனவே கேட்க வேண்டிய கேள்வி பூட்டு எவ்வளவு பலம் என்பதல்ல, திறப்பு யாரிடம் என்பதே. சேவை நிறுவனமே பூட்டித் திறப்பையும் வைத்திருந்தால் வெளியார் பார்க்க முடியாது, நிறுவனம் பார்க்கலாம். உங்கள் கருவியிலேயே பூட்டி அனுப்பினால் நிறுவனமும் பார்க்க முடியாது. ஆனால் திறப்பை மறந்தால் உறுதி போனது போனதுதான். எனிக்மாவைக் கவிழ்த்தது சில்லுகளின் குறை மட்டுமல்ல, ஒரே சொல்லை நாள்தோறும் அனுப்பியவர்களின் பழக்கமும் என்பதை நினைத்துக்கொண்டு உங்கள் கடவுச்சொல்லைப் பாருங்கள். பிறந்த திகதியா? 

பூட்டு நம் கையில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை நாடு கண்டது. 2023 ஆகஸ்ட் மாதம் இலங்கை அரச முகில் மின்னஞ்சல் தொகுதியைக் கப்ப மென்பொருள் தாக்கியது. திருடர்கள் தரவுகளைத் தமது திறப்பினால் மறைகுறியாக்கிவிட்டனர். ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்கு வேறிடத்தில் காப்புப் பிரதி இருக்கவில்லை. கடதாசியோ கணினியோ, பிரதி ஒன்று வேறு பெட்டியில் இருப்பது நல்லதென்று நமது பாட்டிமார் அறிந்திருந்தனர்.

பயிற்சி: மழறு என்பது மேலே கூறிய வரிசையில் நகர்த்தப்பட்ட ஒரு சொல். எத்தனை இடம் நகர்த்தப்பட்டது எனக் கூறப்படவில்லை. இப்பாடத்தில் வந்த சொல் அது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு உடைத்துப் பாருங்கள்.