பகலொளியைப் போற்றிய சிற்பி ஆன்டனின் ரேமண்ட்

அருணைப் பெருங்கோயிலின் வெயில் தகிக்கும் பிராகாரத்தினின்று உள்ளே செல்லுந்தோறும் வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து, கருவறையில் தீபவொளி ஒன்றே எஞ்சி நிற்பதை நம்மில் அறியாதார் இலர். வழிபாட்டிடத்திற்கு அவ்விருள் அழகு தருவதே. ஆயின், மக்கள் உறைதற்கும் கற்றற்கும் அமைந்த கட்டடங்களுக்கு வெளிச்சம் இன்றியமையாதது. வெளியே கதிரவன் காய்ந்துகொண்டிருக்க, வெப்பத்திற்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்து, நண்பகலிலும் மின்விளக்கை ஏற்றுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. வெப்பத்தை வாயிலில் நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே அழைக்கும் வகையை, நம் திருவண்ணாமலையினின்று செஞ்சி வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் அடையும் புதுச்சேரியில் ஒரு பெரியார் செய்து காட்டினார். அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

ஆன்டனின் ரேமண்ட் 1888-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், பொஹீமியா நாட்டில் கிளாட்னோ என்னும் ஊரிற் பிறந்தார். பிராக் நகரில் கட்டடக்கலை பயின்று, 1910-இல் அமெரிக்கா சேர்ந்தார். 1914-இல் நோயெமி என்னும் ஓவியக்கலை வல்ல மங்கையை மணந்தார். அவ்வம்மையார் அவர்தம் தொழிலிலும் துணைவியாயினார். பின்னர், புகழ்பெற்ற சிற்பியான பிராங்க் லாயிட் ரைட்டிடம் ரேமண்ட் பணியேற்று, டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் எழுப்பும் பொருட்டு 1919-இல் அவருடன் ஜப்பான் சென்றார். சில ஆண்டுகளில் தனித்தொழில் தொடங்கினார்.

ஜப்பானியரின் எளிய மரவீடுகளே அவருக்கு இரண்டாவது கல்லூரியாயின. நீண்டு தாழ்ந்த இறவாரம் வெயிலைத் தடுப்பதையும், காகிதம் ஒட்டிய நகர்கதவுகள் ஒளியை மென்மையாக்கிப் பரப்புவதையும் அவர் கூர்ந்து நோக்கினார். டோக்கியோவின் கிறிஸ்தவ மகளிர் கல்லூரிக்கு அவர் பல கட்டடங்கள் வகுத்தளித்தார். 1938-இல் முற்றுப்பெற்ற அக்கல்லூரியின் சிற்றாலயத்தில், கான்கிரீட்டுப் பின்னலினிடையே பதித்த வண்ணக் கண்ணாடிகள் வழியாகப் பகலொளி உள்ளே புகுகின்றது.

அக்காலத்தே புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் சாதகர்களுக்கு விடுதி ஒன்று அமைக்க ஸ்ரீ அன்னை எண்ணினார். ஹைதராபாத்துத் திவானாயிருந்த ஸர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமின் பொருளுதவி கிடைத்தமையின், அவ்விடுதி கோல்கொண்டா எனப் பெயர் பெற்றது. ரேமண்ட் அதற்கு வரைபடம் வகுத்து, 1938-இல் மனைவியாருடன் புதுச்சேரிக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். சுந்தரானந்தர் என ஆசிரமப் பெயர் பெற்ற ஜார்ஜ் நகஷிமாவும், பிரான்டிஷெக் ஸம்மர் என்பாரும் ஆசிரமத்தாரோடு கூடி வேலையை நடத்தினர். 1942-ஆம் ஆண்டளவில் அது நிறைவெய்தியது.

அக்கட்டடத்தின் நுட்பத்தைச் சிறிது விரித்துரைத்தல் தகும். நம் பகுதியில் காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ நின்று கிழக்கு மேற்குச் சுவர்கள் வழியே நெடுந்தூரம் உட்புகுவான். உச்சிப்பொழுதில் தலைக்கு மேலே நிற்பான். ஆகவே ரேமண்ட் கட்டடத்தின் குறுகிய சுவர்களைக் கிழக்கிலும் மேற்கிலும் வைத்து, நீண்ட முகங்களை வடக்கும் தெற்கும் நோக்கச் செய்தார். அம்முகங்களிற் கண்ணாடிச் சன்னல்கள் இல்லை. கிடையாக அடுக்கிய, திருப்பத்தகுந்த சிமெண்டுப் பலகைகளே உள்ளன. அவை நேர்வெயிலை மறித்து, அதன் ஒளியைச் சிதறவிட்டுக் கண் கூசாத வெளிச்சமாக அறைக்குள் செலுத்துவன. மழை பெய்யின் மூடிக்கொள்வன. அறைகள் ஒற்றை வரிசையாய் அமைந்தமையால் இருபுறத்து ஒளியும் காற்றும் தடையின்றி ஊடுருவும். அறைக்கும் நடைவழிக்கும் இடையே தேக்குமரச் சட்டங்களாலான நகர்கதவுகள் தனிமையைக் காத்துக் காற்றுக்கு வழிவிடும். இரட்டைக் கூரையின் இடைவெளி மேல்வெப்பத்தைத் தணிக்கும். இங்ஙனம், குளிர்சாதனம் வேண்டாததொரு விடுதி எழுந்தது.

இவ்வறிஞரின் வாழ்வில் ஒரு கருநிழலும் உண்டு. அதனை மறைத்தல் சரித்திரமாகாது. போர்க்காலத்தில், 1943-இல், அமெரிக்க நாட்டு யூட்டா பாலைநிலத்தில் தீக்குண்டுகளைச் சோதிக்கும் பொருட்டு ஜப்பானிய வீடுகளையொத்த மாதிரிக் கிராமம் ஒன்றை அவர் வகுத்துக் கொடுத்தார். 1945 மார்ச்சு மாதம் டோக்கியோ நகர் தீக்குண்டுகளால் வெந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் மாண்டனர். எவ்வீடுகளிடம் ஒளியின் இயல்பைக் கற்றாரோ, அவ்வீடுகள் எரியும் இயல்பை அளந்தறியவும் அவர் கல்வி பயன்பட்டது. கல்வி தானே நன்மை தருவதன்று. அதனை எதற்கு அளிக்கின்றோம் என்பதே வினா.

போருக்குப்பின் 1948-இல் அவர் மீண்டும் ஜப்பான் புகுந்து, கால் நூற்றாண்டு உழைத்தார். 1951-இல் டோக்கியோவில் எழுந்த ரீடர்ஸ் டைஜஸ்ட் மாளிகையும், 1961-இல் நிறைவுற்ற குன்மா இசையரங்கும் அவர் புகழைப் பரப்பின. 1976-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவிற் காலமானார்.

புதுச்சேரியில் அவர் அளந்த வெயிலே திருவண்ணாமலையிலும் காய்கின்றது. இரண்டூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன. எனவே அவர் கற்பித்த பாடம் நமக்கும் உரியது. விளக்கின் விசையைத் தொடுமுன் சன்னலைத் திறந்து பார்ப்போமாக. நாளை வீடும் பள்ளியும் எழுப்பப்போகும் நம் மாணவர், சுவருக்குக் கயிறு பிடிக்குமுன் கதிரவன் செல்லும் வழியை அறிவாராக. விலையின்றி வரும் பகலொளியை வீணாக்காது வாழ்தல் நம் அனைவர்க்கும் கடன்.