கைவிளக்கேந்திய காரிகை

நுழையுமுன்

நோயுற்று மருத்துவமனையில் தங்குவோரை இரவும் பகலும் பேணுபவர் செவிலியர். இன்று உலகம் போற்றும் அப்பணி, ஒரு போரின் துயரிலிருந்து முறையான கல்வியாக வளர்ந்த வரலாற்றை அறிவோம்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் செல்வமிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவர் பெயராயிற்று. இளமையிலேயே கணிதத்தில் ஆர்வம் கொண்ட அவர், நோயாளரைப் பேணுவதையே வாழ்க்கைப் பணியாகத் தேர்ந்தார். அக்காலத்தில் அப்பணிக்கு மதிப்பில்லை. எனவே குடும்பத்தார் மறுத்தனர். ஆயினும் உறுதி தளராமல், 1851இல் ஜெர்மனிக்குச் சென்று பயிற்சி பெற்றார்.

1854இல் கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. காயமுற்ற ஆங்கிலேய வீரர்கள் துருக்கியின் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். 38 செவிலியருடன் அங்குச் சென்ற நைட்டிங்கேல், அழுக்கு நிறைந்த கூடங்களையும் துணியும் படுக்கையும் இன்றித் தவித்த வீரர்களையும் கண்டார். சமையற்கூடத்தைச் சீர்செய்தார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். இரவில் கைவிளக்குடன் ஒவ்வொரு படுக்கையாகச் சென்று ஆறுதல் அளித்தார்.

எனினும் இறப்பு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நோயாளருள் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த துப்புரவுக் குழுவினர், மருத்துவமனையின் அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மை செய்து, காற்றோட்டத்திற்கு வழி வகுத்தனர். சில மாதங்களில் இறப்பு நூற்றுக்கு 2 என்னும் அளவுக்குக் குறைந்தது.

நாடு திரும்பிய பின்னர், நைட்டிங்கேல் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். உணவுக் குறைவே இறப்புக்குக் காரணம் என்று அதுவரை எண்ணியிருந்தார். போர்க்காயங்களைவிட, தூய்மையின்மையால் பரவிய நோய்களே மிகப் பலரைக் கொன்றன என்பதைக் கணக்குகள் காட்டின. தம் பொறுப்பில் இருந்த மருத்துவமனையிலேயே இது நிகழ்ந்தது என்பது அவர் நெஞ்சை வாட்டியது. ஆயினும் அவ்வுண்மையை மறைக்காமல், எல்லோருக்கும் விளங்கும் வண்ணப் படங்களாக வரைந்து காட்டினார். அன்பு மட்டும் போதாது, அறிவும் பயிற்சியும் வேண்டும் என உணர்ந்தார். 1860இல் இலண்டன் தூய தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பயின்றோர் பல நாடுகளுக்கும் சென்று பணியாற்றினர்.

இந்தியாவுக்கு ஒருமுறையும் வராத அவர், இங்குள்ள படைமுகாம்களின் விவரங்களை அஞ்சல்வழித் திரட்டினார். ஆங்கிலேய வீரருள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்ததை எடுத்துக்காட்டி, தூய நீரும் வடிகாலும் வேண்டுமென வலியுறுத்தினார். பிற்காலத்தில் நம் புணேயில் இயங்கிய சார்வஜனிக சபைக்கும் சிற்றூர்த் தூய்மை குறித்து எழுதினார்.

1910 ஆகஸ்ட் 13ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பிறந்த மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அருஞ்சொற்பொருள்

காரிகை – பெண்
பேணுதல் – பாதுகாத்தல்
மாண்டனர் – இறந்தனர்
துப்புரவு – தூய்மை

பயிற்சி

1. நைட்டிங்கேலின் குடும்பத்தார் மறுத்ததன் காரணம் யாது?
2. ஸ்குட்டாரியில் இறப்பு எவ்வாறு குறைந்தது?
3. அன்பு மட்டும் போதாது என அவர் உணர்ந்தது ஏன்? உம் சொற்களில் எழுதுக.
4. உம் பள்ளியிலும் குடியிருப்பிலும் நோய் பரவாமல் தடுக்கும் வழிகளுள் ஐந்தினைப் பட்டியலிடுக.