கோணேஸ்வரத்தின் கடலடித் தூண்களைப் படம்பிடித்தவர்... யார் இந்த மைக் வில்சன்?

திருகோணமலை போகிறவர்கள் கோணேஸ்வரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தக் கோயில் நிற்கும் பாறைக்குக் கீழே, கடலுக்குள் பழைய கோயிலின் கற்கள் கிடக்கின்றன. 1956-ல் அதைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியவர்தான் மைக் வில்சன்.

யார் இவர்?

பிரிட்டனைச் சேர்ந்த ஸ்கூபா டைவர், போட்டோகிராஃபர். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி. ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுகளில் ஒன்றாக மூழ்கிப் படமெடுத்த இருவரும், 1956-ல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள்.

கடலுக்குள் என்ன இருந்தது?

17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் கோயிலை இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது. மிச்சம் கடலுக்குள் விழுந்தது. செதுக்கிய தூண்களையும் கற்களையும் வில்சன் அங்கே பார்த்தார். லிங்கம் ஒன்றையும் அவர் கண்டெடுத்ததாகச் சொல்கிறார்கள்.

ஃபிலிமில் எடுப்பது ஏன் கஷ்டம்?

இன்று போனில் எடுத்த படத்தை உடனே பார்த்துவிடலாம். அன்று 35 மி.மீ. ரோலில் அதிகபட்சம் 36 படம், அவ்வளவுதான். தண்ணீருக்குள் ரோல் மாற்றவும் முடியாது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் மங்கி, எல்லாமே நீலமாகிவிடும். ஃபிளாஷ் பல்பு ஒன்று ஒரு படத்துக்குத்தான். கேமராப் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் கசிந்தால், அன்றைய உழைப்பே போச்சு!

கரைக்கு வந்த பிறகும் நிம்மதி இல்லை. கறுப்பு-வெள்ளை ஃபிலிமை இருட்டில் டெவலப்பரில் நனைத்து, ஃபிக்ஸரில் போட்டு, கழுவிக் காய வைக்க வேண்டும். டெவலப்பருக்கு ஏற்ற வெப்பம் சுமார் 20 டிகிரி செல்சியஸ். இலங்கை வெயிலில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு. சூடு கூடினால் ஃபிலிமின் மேற்பூச்சு இளகி, படம் கெட்டுவிடும். கலங்கிய தண்ணீரில் எடுத்த நெகட்டிவ் வெளிறித் தெரியும். அதனால் கான்ட்ராஸ்ட் அதிகமுள்ள பேப்பரில் பிரிண்ட் போடுவார்கள். தூண் பதிந்ததா, வெறும் நீர்க்கலங்கலா என்பது டெவலப் செய்த பிறகுதான் தெரியும்.

அடுத்து என்ன செய்தார்?

1961-ல் தென்கடலின் கிரேட் பாசஸ் பாறைத்திட்டில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில், மூழ்கிய கப்பல் ஒன்று கண்ணில் பட்டது. அதில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள் கட்டிகட்டியாக இருந்தன. மறு வருஷமே, முதல் முழுநீள சிங்கள வண்ணப் படமான ‘ரன்முத்து தூவ’வை இயக்கினார். கடலடிக் காட்சிகள் கொண்ட படம் அது.

கடைசியில் என்ன ஆனார்?

கேமராவை வைத்துவிட்டுத் துறவியானார். சுவாமி சிவ கல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1995-ல் காலமானார். அவர் பார்த்த கற்கள் கிடந்த கடலுக்கு மேலே, கோணேஸ்வரத்தில் இன்றும் பூஜை நடக்கிறது.