டர்னரின் கடலும் உயிலும்

பழைய ஐரோப்பிய தைல வண்ண ஓவியங்களைச் சேகரிப்பவர்களிடம் கடற்காட்சி, இயற்கைக் காட்சி என்று பேச்சை எடுத்தால், சிறிது நேரத்தில் டர்னர் என்ற பெயர் வந்துவிடும். 2014-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஓர் ஏலத்தில் அவர் வரைந்த ரோம் நகரக் காட்சி ஒன்று 3 கோடி பவுண்டுக்கு மேல் விலை போயிற்று. ஆனால் அந்த மனிதரோ பிற்காலத்தில் தம் படங்களை விற்பதைவிட, பிரியாமல் ஒன்றாக வைத்திருப்பதிலேயே குறியாக இருந்தார். அதற்காக ஓர் உயிலும் எழுதினார். அந்த உயிலுக்கு நேர்ந்த கதி என் வயதை ஒத்த உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று நினைப்பதால், அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஜோசப் மாலர்ட் வில்லியம் டர்னர் 1775-ஆம் ஆண்டு லண்டனில் கோவென்ட் கார்டன் பகுதியில் பிறந்தார். தகப்பனார் முடி திருத்துபவர். பொய்முடி செய்து விற்பதும் அவர் தொழில். டர்னருடைய ஒரே தங்கை சிறு வயதிலேயே இறந்துபோனாள். தாயார் மனநோயால் பாதிக்கப்பட்டு, மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1804-ல் காலமானார். இத்தனை கஷ்டத்திலும் தகப்பனார் மகனுடைய திறமையைக் கண்டுகொண்டார். பையன் வரைந்த படங்களைக் கடை ஜன்னலில் மாட்டி, வாடிக்கையாளர்களுக்குச் சில ஷில்லிங்குகளுக்கு விற்றார்.

14 வயதில் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் டர்னருக்கு இடம் கிடைத்தது. மறு வருடமே அவருடைய நீர்வண்ண ஓவியம் ஒன்று அகாடமியின் கண்காட்சியில் இடம் பெற்றது. 1796-ல் காட்சிக்கு வைத்த முதல் தைல வண்ண ஓவியம், நிலவொளியில் கொந்தளிக்கும் கடலில் மீன்பிடி படகுகள். 26 வயதில் அகாடமியின் முழு உறுப்பினரானார். 1807 முதல் 30 ஆண்டுகள் அங்கே பரிமாணக் கணித முறைப்படி வரைதலைக் கற்பிக்கும் பேராசிரியர் பதவியையும் வகித்தார்.

மகனுக்கு வருமானம் வந்ததும் தகப்பனார் தம் தொழிலை விட்டுவிட்டு அவருடனேயே வந்து தங்கினார். கான்வாஸை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவது, முடிந்த படத்துக்கு வார்னிஷ் பூசுவது, காட்சிக்கூடத்தைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1829-ல் அவர் இறக்கும்வரை இந்த ஏற்பாடு தொடர்ந்தது. அந்தப் பிரிவு டர்னரை மிகவும் பாதித்தது. அதே வருடம்தான் அவர் தம் முதல் உயிலை எழுதினார்.

டர்னர் கோடைதோறும் ஊர் ஊராகச் சுற்றுவார். பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று போன இடமெல்லாம் சிறு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, குளிர்காலத்தில் வீட்டில் இருந்தபடி வண்ணம் தீட்டுவார். இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. ஆனால் ஒயிட் என்ற ராணுவ அதிகாரி இமயமலையில் வரைந்து கொண்டுபோன கோட்டுச் சித்திரங்களை வைத்து, 1830-களில் ஒரு நூலுக்காக இமயக் காட்சிகளைத் தீட்டிக் கொடுத்தார்.

அவருக்கு முந்தைய கடல் ஓவியர்கள் கப்பலின் பாய், கயிறு முதலியவற்றைப் பிசகாமல் காட்டுவதையே பெரிதாக நினைத்தார்கள். டர்னருக்கும் அது கைவந்த கலைதான். ஆனால் வயது ஏற ஏற, கப்பலைச் சூழ்ந்த காற்றையும் நீராவியையும் ஒளியையுமே அவர் முக்கியமாக வரைந்தார். டிரஃபால்கர் போரில் பங்கெடுத்த டெமரேர் என்ற பழைய போர்க்கப்பலை, உடைத்துப் போடுவதற்காக ஒரு சிறு நீராவிப் படகு இழுத்துப் போகும் ஓவியம் 1839-ல் வந்தது. பாய்மரக் காலம் முடிந்து நீராவிக் காலம் பிறந்ததை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது. அடிமைகளைக் கடலில் வீசிய கப்பலைப் பற்றிய படம் 1840-லும், புயலில் சிக்கிய நீராவிக் கப்பலின் படம் 1842-லும் வெளிவந்தன. பின்னதைச் சில விமர்சகர்கள் சோப்பு நுரை, சுண்ணாம்புப் பூச்சு என்று ஏளனம் செய்தார்கள். இளைஞரான ஜான் ரஸ்கின் 1843-ல் ஒரு நூலே எழுதி அவருக்குத் துணை நின்றார்.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. மின்சார ஆராய்ச்சியால் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே டர்னருக்குப் பழக்கமானவர். நிறமிகளின் ரசாயனம் பற்றி டர்னர் அவரிடம் விசாரிப்பதுண்டு. ஒவ்வொரு வண்ணத்தையும் பூசி, பாதியை மூடி, மறுபாதியை வெயிலில் வைத்துத் தாமே சோதித்துப் பார்க்கும்படி ஃபாரடே ஓவியர்களுக்கு யோசனை சொன்னார். அப்படியிருந்தும், வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் கார்மைன் போன்ற சிவப்புகளை டர்னர் விடவில்லை. அன்றைக்கு வேண்டிய நிறம் அன்றைக்குக் கிடைத்தால் போதும் என்று நினைத்தார் போலும். அதனால் அவருடைய சில படங்களில் அந்தி வானத்தின் சிவப்பு இன்று பெரிதும் மங்கிப்போயிருக்கிறது. சீக்கிரம் உலரட்டும் என்று சேர்த்த கலவைகளால் சில படங்களில் வெடிப்பும் கண்டது.

நிறங்களின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படாதவர், படங்கள் பிரிந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். முன்பு விற்ற ஒரு கடற்காட்சியை 1827-ல் 490 கினி கொடுத்துத் தாமே திரும்ப வாங்கினார். டெமரேர் படத்தை யார் கேட்டும் விற்கவில்லை. ஆனால் அவற்றை வைத்திருந்த வீட்டைப் பராமரிக்கவில்லை. கூரை ஒழுகி, காட்சிக்கூடத்தில் ஈரம் கசிந்தது. தேம்ஸ் நதிக்கரையில் செல்சீ பகுதியில், ஓய்வு பெற்ற கப்பல்காரர் என்று அக்கம்பக்கத்தார் நினைக்கும்படி வேறு பெயரில் வாழ்ந்து, 1851 டிசம்பர் 19 அன்று அங்கேயே காலமானார். செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் நடந்தது.

இனி உயில். டர்னர் முறைப்படி திருமணம் செய்துகொள்ளவில்லை. சொத்தின் மதிப்பு சுமார் 1,40,000 பவுண்டு. அவருடைய விருப்பங்கள் இரண்டு. முடித்த ஓவியங்கள் நாட்டுக்குச் சேர வேண்டும். அவற்றுக்குத் தனிக் கூடம் கட்ட வேண்டும். பணத்தைக் கொண்டு, நொடித்துப்போன ஓவியர்களுக்கு ஓர் இல்லம் அமைக்க வேண்டும். 1831-ல் புதிய உயில் எழுதி, அதன் பிறகு 1832, 1848, 1849 என்று பிற்சேர்க்கைகளாகச் சேர்த்துக்கொண்டே போனார். முதலில் உறவினர்களுக்கு எழுதிய தொகைகளையும் பிறகு மாற்றினார். கடைசியில் எது நிற்கும், எது நிற்காது என்று வக்கீல்களே வாதாடும் நிலை வந்தது. அவர் சித்த சுவாதீனத்தோடு எழுதவில்லை என்றுகூட உறவினர்கள் வழக்காடினார்கள்.

1856-ல் சமரசம் ஏற்பட்டது. சுமார் 300 தைல வண்ண ஓவியங்களும், ஏறக்குறைய 30,000 நீர்வண்ண ஓவியங்களும் கோட்டுச் சித்திரங்களும் நாட்டுக்குக் கிடைத்தன. அவர் கேட்டதைவிடவே அதிகம். ராயல் அகாடமிக்கு 20,000 பவுண்டு போயிற்று. மீதியில் பெரும் பங்கு உறவினர்களுக்கு. ஏழை ஓவியர்களுக்கான இல்லம் மட்டும் எழும்பவே இல்லை. லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் அவருக்கென்று அறைகள் 1910-லும், தனிக் கட்டடம் 1987-லும் திறக்கப்பட்டன. இறந்து 136 வருடங்களுக்குப் பிறகு! 2020-ல் 20 பவுண்டு நோட்டிலும் அவர் முகம் இடம் பெற்றது.

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட ஆவணம் வாசகப் பிழையால் பயனற்றுப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டர்னருடைய ஓவியங்கள் பிழைத்தன, தர்மம் பிழைக்கவில்லை. ஓவியங்களைக் காக்க ஒரு தேசமே முன்வந்தது. எதிர்கால ஏழைகளுக்காக வாதாட நீதிமன்றத்தில் அன்று யாருக்கும் அக்கறை இல்லை.

நம் உறுப்பினர்களில் பலர் பூர்வீக வீட்டையோ, சேமிப்பின் ஒரு பகுதியையோ வேதபாடசாலைக்கும் கல்வி உதவிக்கும் தர வேண்டும் என்று மனதில் வைத்திருப்பார்கள். அதைத் துண்டுத் துண்டாகத் திருத்தி எழுதாமல், ஒரே ஆவணமாக, தக்க வக்கீலைக் கொண்டு எழுதி, பிள்ளைகளிடமும் சொல்லிவிடுவது நல்லது. முடிந்தவரை உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவது அதைவிட நல்லது.